அளவு தப்பிய பைகளும் மத்தியான ஃபோனும்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம், உன் மகள் குருவி நலம், எண்ணெய் போட்ட பிறகு என் தையல் மெஷினும் நலம், கடல் தாண்டி இருக்கும் நீயும் நீ ஓட்டுகிற அந்த ராட்சசக் கிரேனும் அதேபோல நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் கண்ணை மூடுகிறேன். மாப்பிள்ளையும் நலம்தான், லாரியோடு போனவர் எங்கேயோ சரக்கு இறக்கிக்கொண்டிருக்கிறாராம், போன தடவை வந்தபோது குளியலறைக் குழாயைச் சரிசெய்து தருகிறேன் என்றார், அது இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, நான் மறக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவை. ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், பேச்சு வந்த நாளிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம், கடிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது பார், கடைசி வரி வரைக்கும் நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். விடுமுறைக்கு வந்த உன் துறைமுகத்துச் சிநேகிதி நாளைக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் இதையும் உனக்குத் தைத்த மேல்கோட்டையும் கொடுத்தனுப்புகிறேன். பள்ளிக்கூடச் சண்டை என்ன ஆச்சு என்று நேற்று லீவு நாளில் கூப்பிட்டு நீ கேட்டபோது குருவி மென்று முழுங்கினாள் இல்லையா, அவள் வாயைக் கட்டிப்போட்டது நான்தான், அவளைத் திட்டாதே. எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான், நான் படித்த படிப்புக்கு இவ்வளவு எழுதுவதே பெரிசு.

முதலில், நீ சொன்னதை நான் அப்படியே செய்தேன் என்பதைத் தெரிந்துகொள். காலை மணி அடித்ததிலிருந்து சாயங்கால மணி வரைக்கும் எந்தப் பிள்ளை கையிலும் ஃபோன் இருக்கக் கூடாது, வகுப்புக்குள் நுழையும்போதே கொடுத்துவிட வேண்டும், மத்தியான இடைவேளையிலும் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் அறிவித்த அன்றைக்கு நீ என்ன குதி குதித்தாய். நீ பேசியது ஒரு சொல் விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "எனக்கு இங்க ராத்திரி ஷிஃப்டு, அவளுக்கு அங்க மத்தியானச் சாப்பாடு, ரெண்டும் ஒண்ணா வர்றது அந்த நேரம்தாம்மா, அவ வீட்டுக்கு வர்றப்ப நான் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறேன், நான் எழுந்திரிக்கிறப்ப அவ தூங்குறா, அந்த ஒரு ஃபோனும் இல்லேன்னா நான் எதுக்கு இந்த உயரத்துல தொங்கிட்டிருக்கணும், நீ போய்ச் சண்டை போட்டு அனுமதி வாங்கு, இல்லேன்னா எல்லாத்தையும் போட்டுட்டு அடுத்த கப்பல்ல ஏறிடுவேன்" என்றாய். சண்டை போடு என்று என்னிடம் ஒருவர் சொல்லவும் வேண்டுமா, அதுவும் அந்தத் தலைமையாசிரியையோடு. அவள் யார், உன் காலத்தில் விளையாட்டு டீச்சராகக் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தவள்தானே, பிள்ளைகள் எல்லாரும் விசில் விசில் என்றே கூப்பிட்டீர்களே. விளையாட்டு விழாவில் நீ முதலாவதாக ஓடி வந்ததை இரண்டாவது என்று சொன்ன புண்ணியவதி. முதலாவது என்று யாரைச் சொன்னாள், மஞ்சள் ரிப்பன் கட்டிய அந்தப் பெரிய வீட்டுப் பெண்ணை. கோட்டை முதலில் தாண்டியது உன் நெஞ்சு, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், அன்றைக்கு விசில் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் இடது முழங்கைக்குக் கீழே மசிக்கறை இருந்தது, அதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ மறந்துவிட்டாய். நான் மறக்க மாட்டேன்.

இதில் ஒரு கூத்து கேள். சண்டைக்கு நான் இடுப்பை வரிந்து கட்டிக்கொண்டிருக்கும்போதே பள்ளிக்கூடத்துப் பியூன் ஒரு பெரிய கேன்வாஸ் சுருளைத் தோளில் சுமந்துகொண்டு கடைக்கு வந்து நிற்கிறார். ஒவ்வொரு வகுப்புக்கும் சுவரில் தொங்கவிடுகிற மாதிரி ஒரு துணி, அதில் வரிசை வரிசையாகப் பைகள், பிள்ளைக்கு ஒரு பை, பையின் மேல் அவரவர் எண், காலையில் வந்ததும் ஃபோனை அதில் போட்டுவிட வேண்டுமாம். "அம்மா, நம்ம பக்கத்துல கெட்டித் துணி தைக்கிற ஆளு நீங்க மட்டும்தான், திங்கக்கிழமைக்குள்ள வேணும்" என்றார். எந்தச் சட்டத்தை எதிர்த்து நான் கொடி பிடிக்கப் போகிறேனோ அந்தச் சட்டத்துக்கு நானே பை தைக்க வேண்டும். மாடிவீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, எதிரிக்கே கத்தி தீட்டிக் குடுக்குறீங்க" என்று சிரித்தாள். வேலை வேறு, சண்டை வேறு என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். (அவள் என் ஏணியை வாங்கிக்கொண்டு போய் ஒரு படியை உடைத்துத் திருப்பிக் கொடுத்தவள், அவளுக்கு என்னைப் பார்த்துச் சிரிக்க என்ன யோக்கியதை.) கையோடு துணியை விரித்தேன், அளவுக்கு என் ஃபோனை எடுத்து வைத்தேன், சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டேன், வெட்டினேன், தைத்தேன். மெஷின் அந்தக் கெட்டித் துணியில் எப்படி ஓடியது தெரியுமா, ரயில் மாதிரி. ஒரு தையல் விலகவில்லை.

என் ஃபோன் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்தானே. பட்டன் வைத்தது, உள்ளங்கைக்குள் அடங்குவது, நீயே வாங்கிக் கொடுத்தது. ஃபோன் வைக்கிற பை என்று சொன்னார்களே ஒழிய எவ்வளவு பெரிய ஃபோன் என்று ஒருத்தராவது சொன்னார்களா. குருவியின் ஃபோனை வைத்து அளவெடுக்கலாம் என்றால் அது அவளோடு பள்ளிக்கூடம் போயிருந்தது. ஆக இதில் என் தப்பு ஒன்றுமே இல்லை, இதை நான் அங்கே எல்லாரிடமும் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடமே அல்லோலகல்லோலம். ஒரு ஃபோனாவது பைக்குள் முழுசாக இறங்க வேண்டுமே! சிலது பாதி இறங்கித் தலையை நீட்டிக்கொண்டு நின்றதாம், சிலது மூலை மட்டும் நுழைந்து தொங்கியதாம், மணி அடித்த அதிர்வில் ஒரு வரிசை முழுக்கப் பொலபொலவென்று விழுந்ததாம், நல்லவேளை கீழே புத்தகப் பைகள் கிடந்தன. மாடிவீட்டுக்காரி மகன் இருக்கிறானே, தன் ஃபோனைப் பலங்கொண்ட மட்டும் அமுக்கி உள்ளே திணித்துவிட்டான், என் தையல் சும்மாவா, உள்ளே போனது வெளியே வரமாட்டேன் என்கிறது, அந்த நேரம் பார்த்து அவன் அம்மாவே அவனைக் கூப்பிட்டிருக்கிறாள், பைக்குள்ளே இருந்து அது பாட்டுப் பாட, அவன் இழுக்க, துணி முழுக்கக் கழன்று அவன் தலையில் விழுந்து, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. பியூன் மூச்சிரைக்க ஓடி வந்து, "அம்மா, தலைமையாசிரியை உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றார். நான் கத்தரி, இஞ்ச் டேப், தையல் பிரிக்கிற ஊசி எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், கூடவே உன் ஓட்டப்பந்தயத்தையும் மனசில் எடுத்துக்கொண்டு போனேன்.

விசிலுக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது, ஆனால் அந்தக் கண் மாறவில்லை. பிரித்துத் தைத்துத் தருகிறேன், ஆனால் துணியை வீட்டுக்குக் கொண்டு போக மாட்டேன், பிள்ளைகளின் ஃபோனை வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் தைப்பேன் என்று சொல்லிவிட்டேன். விளையாட்டுத் திடலைப் பார்த்த அறை ஒன்றில் பழைய மெஷின் கிடந்தது, ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கேதான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். மத்தியான மணி அடித்தது. முன்பெல்லாம் நான் சாப்பாட்டு டப்பா கொடுக்கப் போகும் நாட்களில் அந்த நேரம் எப்படி இருக்கும் தெரியுமா, இத்தனை பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தமே இருக்காது, எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் அங்கங்கே உட்கார்ந்திருப்பார்கள், சாவு வீடு கெட்டது போ. அன்றைக்கு ஃபோன்களெல்லாம் அளவு பார்க்க என் அறையில் குவிந்து கிடக்க, முதலில் எல்லாரும் கையைத் தொலைத்தவர்கள் மாதிரி திருதிருவென்று நின்றார்கள். ஒரு பெண் வெறும் சட்டைப்பையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாள். நம் குருவி நேராக மாடிப்படிக்குக் கீழே தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு மூலை இருக்கிறதே, அங்கே போனாள். அங்கே உட்கார்ந்துதான் தினமும் உன்னோடு பேசுவாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தச் சுவரில் முதுகு பட்ட இடம் மட்டும் வெள்ளை போய் மங்கியிருக்கிறது. டப்பாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். இரு விசில், இன்றைக்கு உன்னை உண்டு இல்லை என்று பண்ணுகிறேன் என்று எழுந்தேவிட்டேன்.

அதற்குள் திடலில் எறிபந்து ஆட நின்ற பெண்களில் ஒருத்தி, தொண்டை கிழிய, "ஏய் தொட்டிக்கடி! ஒரு ஆள் குறையுதுடி, வர்றியா இல்லியா" என்று கத்தினாள். எப்போதும் தொட்டியடியிலேயே இருப்பதால் தொட்டிக்கடி என்றுதான் இவளுக்கு அங்கே பெயராம், நமக்கு இத்தனை நாள் தெரியாது பார். இவள் எனக்கு வராது என்று கையை ஆட்டினாள். "பந்து வந்தா புடி, புடிச்சா எறி, இதுல என்னடி வராது, சாப்பாட்டை வாயில போட்டுட்டு ஓடி வா" என்றாள் அவள். மகளே, நம் குருவி டப்பாவில் இருந்ததை நின்றுகொண்டே அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள்! முதல் பந்து நெற்றியில் பட்டது. இரண்டாவதைப் பிடித்தாள். பிடித்துவிட்டு ஒரு கத்து கத்தினாள் பார், நான் தைத்துக்கொண்டிருந்த துணியை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டேன். வீட்டில் உப்பு வேண்டுமா என்றால்கூடத் தலையை ஆட்டுகிற பிள்ளை, இவளுக்குள் இவ்வளவு குரல் எங்கே இருந்தது. அந்தக் கத்துக்காரப் பெண் பிறகு ஜன்னல் பக்கம் தண்ணீர் குடிக்க வந்தபோது, "பாட்டி, இவ உங்க பேத்தியா, இவ்ளோ நாள் ஊமைன்னு நெனச்சோம்" என்றாள். நான் அழவில்லை, கேன்வாஸ் தூசி கண்ணில் விழுந்தது.

ஆனாலும் நீ சொன்ன வேலையை நான் விடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெற்றவர்கள் கூட்டம், பிள்ளைகளும் வரலாம் என்றார்கள். ஆளாளுக்கு எழுந்து பேசினார்கள். அவசரம் என்றால் என்ன செய்வது என்று ஒருவர், பஸ் வராவிட்டால் என்று ஒருவர். அவசரத்துக்கு ஆபீஸ் ஃபோன் இருக்கிறது, ஆள் விட்டுக் கூப்பிடுவோம் என்றாள் விசில். டீச்சர்கள் மட்டும் வகுப்பில் ஃபோனைத் தடவலாமா என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன். அவள் தன் ஃபோனை எடுத்து, மேடையில் மாட்டியிருந்த நான் தைத்த துணியில் முதல் பையில் போட்டாள். கச்சிதமாக இறங்கியது, அதைச் சொல்லியாக வேண்டும். பிறகு நான் எழுந்தேன். என் மகள் கடல் தாண்டி ஒரு கிரேன் உச்சியில் உட்கார்ந்து வேலை செய்கிறாள், அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் பேச்சு என்று இருப்பது அந்த மத்தியான நேரம்தான், அதைப் பிடுங்க நீங்கள் யார் என்று ஆரம்பித்தேன், ஆரம்பித்த வேகத்தில் உன் ஓட்டப்பந்தயமும் வந்துவிட்டது. மஞ்சள் ரிப்பன் வரைக்கும் சொன்னேன். சபை முழுக்கச் சிரிக்கிறது. விசில் சிரிக்கவில்லை. "நீங்க அன்னைக்குக் கோட்டுக்கு நேரா நிக்கலைம்மா, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல நின்னு சாய்வாப் பாத்தீங்க, கையில பச்சைக் குடை வச்சிருந்தீங்க, அங்கேருந்து பாத்தா உங்க மகதான் முந்தின மாதிரி தெரியும்" என்றாள். மகளே, பச்சைக் குடைதான்! இவளும் மறக்கவில்லை! இத்தனை வருஷமாக நான் தனியாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கவில்லை, எதிர்ப்பக்கத்திலும் ஒருத்தி அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்கு வந்த உற்சாகத்தில் அவளைக் கட்டிப்பிடித்திருப்பேன், ஆனால் அந்த முதல் பரிசு விஷயம் இன்னும் தீரவில்லை. அதோடு அவள் விடவில்லை. "கடல் தாண்டி இருக்கிற அம்மாவோட பேச்சை நான் புடுங்க மாட்டேன், உங்க பேத்தி மட்டும் தினமும் மத்தியானம் ஆபீஸ் ஃபோன்ல பேசட்டும்" என்றாள். ஜெயித்துவிட்டேன்! சபைக்கு முன்னால், விசிலின் வாயாலேயே!

அப்போது பின்வரிசையிலிருந்து, "வேண்டாம் பாட்டி" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் நம் குருவி நிற்கிறாள், முகமெல்லாம் சிவந்து போய். நீ இப்போது மூச்சை இழுத்துப் பிடிப்பாய், பிடிக்காதே, முழுசாகப் படி. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. "எங்கம்மா கிரேன்ல ஏர்றதுக்கு முன்னாடி ஃபோனைக் கீழே பெட்டியில வச்சுப் பூட்டிட்டுத்தான் ஏறுவாங்க, கண்ணு கொக்கி மேலயே இருக்கணும்னு அவங்க வேலையில சட்டம். எனக்காக இடைவேளையில இறங்கி வர்றாங்க, ஏணி இறங்கி ஏறவே பாதி நேரம் போயிடும், மீதி நேரம் என்கூடப் பேசிட்டு மறுபடி மேல போயிடுவாங்க. சாப்பிட்டியான்னு கேப்பாங்க, சாப்பிட்டேன்னு சொல்வேன், டப்பா மூடியே இருக்கும். நீங்க சாப்பிட்டீங்களாம்மான்னு கேப்பேன், சாப்பிட்டேன்னு சொல்வாங்க, ஓடி வந்த மூச்சு கேக்கும். ரெண்டு பேரும் பட்டினி கிடந்து ரெண்டு பேரும் பொய் சொல்றோம். அப்புறம் பேசுறதுக்கு ஒண்ணும் இருக்காது, என்கிட்ட சொல்ல எதுவும் நடந்திருக்காதே, நான் தொட்டிகிட்டயேதான் உட்கார்ந்திருப்பேன்." இவ்வளவுதான் சொன்னாள், சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தினமும் டப்பா பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும்போது என் சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்து இவள் மேல் நான் எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், அதையும் பார்.

வீட்டுக்கு வரும் வழியில் உனக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன், அம்மா நொறுங்கிப் போய்விடுவாளே என்று குருவியிடம் கேட்டேவிட்டேன். அவள் எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள். எறிபந்து அணியில் இவளைச் சேர்த்துவிட்டார்கள் என்பதை நான் சொல்லவே இல்லையே! ஆமாம், சேர்த்துவிட்டார்கள், இடது கையால் எறிகிறாளாம், யாராலும் பிடிக்க முடியவில்லையாம். பயிற்சி விடியற்காலையில், பள்ளிக்கூடத்துக்கு முன்னால். இங்கே இவள் பல் துலக்கிக்கொண்டு நிற்கிற அந்த நேரத்தில் அங்கே நீ துறைமுகத்து வாசலுக்கு வந்து சேர்ந்திருப்பாய், ஏறுவதற்கு முன்னால் தேநீர் குடிப்பாயாமே, அந்த நேரத்தில் கூப்பிடுகிறேன் என்கிறாள். தானே எழுந்திரிப்பாளாம், நான் எழுப்ப வேண்டாமாம். எழுந்திரிக்காவிட்டால் தண்ணீரை ஊற்றுகிறேன் என்று நானும் சொல்லியிருக்கிறேன். ஆபீஸ் ஃபோன் அனுமதியை விசில் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, அது இருக்கிறது, உனக்கு மனசு கேட்காவிட்டால் சொல், மறுநாளே போய்ப் பேச வைக்கிறேன், சண்டை போட்டு வாங்கியதைச் சும்மா விடுகிற ஆளா நான். ஆனால் ஒரு வாரம் காலையில் பேசிப் பார். இப்போதெல்லாம் பையைக் கழற்றும்போதே இவள் பேச ஆரம்பித்தால் விளக்குப் போடும் வரைக்கும் நிற்பதில்லை, யார் விழுந்தது, யார் ஏமாற்றியது, மாடிவீட்டுப் பையனுக்குத் துணிமூட்டை என்று பெயர் வைத்தது, எல்லாவற்றையும் உனக்கென்று சேர்த்துச் சேர்த்து வைத்திருக்கிறாள், எனக்கு முழுசாகச் சொல்ல மாட்டேன் என்கிறாள், "அம்மாகிட்டதான் மொதல்ல சொல்வேன், நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கோங்க" என்கிறாள்.

ஆகவே அழாதே. அழுதால் கீழேயே அழுது முடித்துவிட்டு ஏறு, மேலே போய்க் கண்ணைத் துடைக்காதே. இறங்காமல் மிச்சமாகிற இடைவேளையில் உட்கார்ந்து, மென்று, நிதானமாகச் சாப்பிடு. மேல்கோட்டின் உள்பக்கம் ஒரு பை வைத்திருக்கிறேன், இந்தத் தடவை அளவு சரியாக இருக்கும், உன் சிநேகிதியின் ஃபோனை வைத்துப் பார்த்துத்தான் தைத்தேன். அந்த மஞ்சள் ரிப்பன்காரி இப்போது எங்கே இருக்கிறாள் என்று விசிலுக்குத் தெரியுமாம், அதையும் விசாரித்து வைக்கிறேன். நீ உயரத்தில் இருந்தாலும் தரையில் இருந்தாலும் ஒரு குறையும் வராமல் நன்றாக இரு, கை நடுங்காமல், கண் கூசாமல், போன கால் போன மாதிரியே இறங்கி வா. உன் மகளும் உன் புருஷனும் என் ஆசீர்வாதத்திலேயே இருப்பார்கள், குழாய் சொட்டினாலும்.

மறந்துவிடாதே, உன் சிநேகிதி வந்து சேர்ந்த மறுநாளிலிருந்து தேநீரை ஒரு கையிலும் ஃபோனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நில். நீ பெட்டியில் பூட்டுவதற்கு முன்னால் கடைசியாகப் பேசுவது அவளோடு, அவள் என் பையில் போடுவதற்கு முன்னால் முதலாவதாகப் பேசுவது உன்னோடு. சாப்பிட்டியா என்று மட்டும் கேட்காதே, பந்து யார் பக்கம் என்று கேள்.

உன்னை முதலாவதாகவே பார்த்த,
அம்மா